தேதி விட்டுப்போன பதினொரு வெளிச்சங்கள்

“ஞாயிறு, மாலை 6.40. விவாதம் முடிந்தது. நாளை மாலை ஆறு மணிக்கு இரண்டு குழுக்கள் புறப்படும். செவ்வாய் அமாவாசை.”

என் சட்டைப்பை நோட்டில், ஆனி மாதத்துப் பக்கம் ஒன்றில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டை அதில் எழுதவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. எந்த இயக்கம், எந்தப் பிரிவு என்பதையும் விட்டுவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் சில விதிகள் நம்மை விடுவதில்லை. ஆனால் கிழமை, மணி, திதி மூன்றும் சரி. என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னைத் ‘தேதிக்காரர்’ என்று கேலி செய்வார்கள். அந்தத் தேதிக்காரன் ஒரே ஒரு முறை தேதியை விட்டுவிட்டான். பதிவேட்டையும் வரைபடத்தையும் இப்போது கையில் எடுத்திருக்கும் உங்களுக்கு அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவன் அல்ல. மலையில் ஆயுதக் குழு ஒன்று நுழைந்துவிட்டதாகத் தகவல் வந்ததும், பங்குனித் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தற்காலிகமாக ஒரு போலீஸ் சிறப்புப் பிரிவு அமைத்தார்கள். அதன் கட்டுப்பாட்டு அறையில் நான் ஏட்டு. வருகிற தகவலைப் பதிவேட்டில் ஏற்றுவது, சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புக் குண்டூசி குத்துவது, இரண்டும் என் வேலை. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பஸ்ஸில் போர் வரலாறுகள் படிப்பேன். எந்தத் தளபதி எந்த ஆற்றை எந்த மாதம் கடந்தான் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பிரிவின் தலைமை அதிகாரியை எங்களுக்குள் கமாண்டர் என்போம். வடக்கே இருந்து வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கூர்மையான ஆள், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். மலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு மோதலில் அவருடைய டிரைவர் குண்டடி பட்டு ஒரு காலை இழந்திருந்தார். தினமும் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அவருக்கு அடுத்த நிலையில் ஓர் இன்ஸ்பெக்டர். உள்ளூர்க்காரர், என் வயதை ஒத்தவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் இருவரும் வாதாடினார்கள்.

“மலையில நெல்லா வெளையுது சார்?” என்றார் இன்ஸ்பெக்டர். “அரிசி, பேட்டரி, மாத்திரை எல்லாம் கீழேயிருந்துதான் போகணும். அடிவாரத்து சனங்களும் கடைகளும் நம்ம பக்கம் நின்னா அவன் தானா எறங்குவான். எறங்குற எடத்துல பிடிப்போம்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“மூணு மாசம்.”

“மூணு மாசத்துல அவனுக்கு இங்க பத்து வீட்ல சோறு கிடைக்கும். வேர் விட்டுடுவான். அந்தப் பக்கமும் இப்படித்தான் காத்திருந்தாங்க. கீழே இறங்கத்தான் செஞ்சான். இறங்கி என்ன செஞ்சான்னு என் டிரைவரைக் கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் விடவில்லை.

“இருட்டுல சுட்டுட்டுப் பொறவு, ஐயோன்னு குண்டைத் திருப்பிக் கூப்பிட முடியாது சார்.”

“காத்திருந்து போன உயிரையும் திருப்பிக் கூப்பிட முடியாது இன்ஸ்பெக்டர்.”

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. வியூகம் பற்றிய வாதத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் முட்டாளாக இருந்தால் அது வாதமே இல்லை. உண்மையைச் சொன்னால், நான் மனசுக்குள் கமாண்டர் பக்கம் இருந்தேன். காரணம், அவருடைய வாதம் முழுவதும் என்னுடைய வரைபடத்தின் மேல் நின்றது.

மலையோரத் தோப்புக் காவல்காரர்கள், அணைப் பக்கத்துக் காவலாளிகள் எல்லோரிடமும் நம்பர் கொடுத்து, மலையில் இரவில் வெளிச்சம் தெரிந்தால் உடனே போன் செய்யச் சொல்லியிருந்தோம். மூன்று மாதத்தில் பதினொரு தகவல்கள். பதினொரு குண்டூசிகள். ராஜபாளையத்துக்கு மேற்கே தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பின்னால் ஏறி, வத்திராயிருப்பு வரை தெற்கு வடக்காக ஒரே கோடு. கமாண்டர் அந்தக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்து நீட்டினார். கோடு பிளவக்கல்லுக்கு மேலே ஒரு கணவாயில் போய் நின்றது.

“இது ஒரு படை நகர்ற பாதை. அடுத்தது இங்கதான் வருவாங்க. அமாவாசை இருட்டுல நாம முன்னாடியே போய்ப் படுத்திருப்போம். வெளிச்சம் தெரிஞ்சா ஒரு எச்சரிக்கை. நிக்கலேன்னா சுடலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏட்டு, இந்தக் குண்டூசி எல்லாம் சரிதானே?”

“சரிதான் சார்” என்றேன்.

விவாதம் அந்த இரண்டு சொல்லில் முடிந்தது. இன்ஸ்பெக்டர் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். உத்தரவு என்று வந்த பிறகு அவர் முணுமுணுக்கிற ஆள் இல்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்கு உத்தரவைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பின்னிணைப்பாகப் பதினொரு தகவல்களையும் தேதியோடு சேர்க்க வேண்டும். நான் கமாண்டருக்காகத் தயாரித்திருந்த சுருக்கப் பட்டியலில் ‘இடம்’, ‘தகவல் தந்தவர்’ என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. தேதிதான் பதிவேட்டில் இருக்கிறதே என்று பட்டியலில் சேர்க்கவில்லை. இடவாரியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகில் மயங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது பதிவேட்டைப் புரட்டித் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். நான்காவது தேதியிலேயே கை நின்றது. முதல் மூன்றும் ஒரே வாரம். பிறகு மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. அடுத்த நான்கும் ஒரே வாரம். மறுபடி இடைவெளி. சுவரில் தொங்கிய நாட்காட்டியை இறக்கி மேசையில் வைத்து ஒப்பிட்டேன். பதினொன்றும் அமாவாசைக் கறுப்பு வட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாளுக்குள் விழுந்தன. நடுவில் இருந்த இருபத்தைந்து நாட்களில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

நகர்கிற படை மாதத்துக்கு நான்கைந்து நாள் மட்டுமா நகரும்?

இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார். “இருட்டு நமக்கு வேணும்னா அவனுக்கும் வேணும்லா. இத மட்டும் வச்சு நான் போய்ப் பேசினா, கமாண்டர் அவரு கட்சிக்கே சாதகமாத் திருப்பிருவாரு. தகவல் சொன்னவன் வேற என்ன சொன்னான்?”

அதிகம் தகவல் தந்தவர், ராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்புக் காவல் பார்ப்பவர். போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

“பங்குனியில வெளிச்சம் பாத்தீங்களே, அது எப்படி இருந்துச்சு?”

“சொன்னேனே ஏட்டையா. பாறையில ஊசலாடுச்சுன்னு. எழுதலையா நீங்க?”

எழுதவில்லை. பதிவேட்டில் ‘வெளிச்சம் காணப்பட்டது’ என்றுதான் இருந்தது.

“ஊசலாடுச்சுன்னா?”

“கயித்துல தொங்குற மாதிரி. ரெண்டு மணி நேரம் அந்த எடத்த விட்டு நகரல. தேனெடுக்கிறவகளாத்தான் இருக்கும். அவிய இருட்டுலதான பாறைத்தேன் எடுப்பாக. நெலா இருந்தா ஈ கொட்டித் தீத்துரும்லா.”

“இத ஏன்யா அப்பவே சொல்லல?”

“நீங்க கேட்டீகளா? வெளிச்சம் தெரிஞ்சா போன் போடுன்னீக. போட்டேன். சித்திரையிலயும் சொல்ல வந்தேன். ‘கதை வேண்டாம், எடத்தைச் சொல்லு’ன்னு சத்தம் போட்டீக. நமக்கு எதுக்கு வம்புன்னு எடத்த மட்டும் சொல்லிட்டு வச்சிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவரே போனில் குனிந்து கேட்டார். “அண்ணாச்சி, இந்த மாசம் எந்தப் பாறைக்குப் போவாக?”

“அவிய தெக்கேயிருந்து வடக்க போவாக சார். மாசத்துக்கு ஒரு பாறை. இப்பம் பிளவக்கல் பக்கமா இருக்கும்.”

கமாண்டர் அளவுகோலை நீட்டிக் கண்டுபிடித்த இடம் மிகச் சரி. அங்கே வெளிச்சம் வரத்தான் போகிறது. நாங்களும் அங்கே இருக்கத்தான் போகிறோம்.

கமாண்டர் காலையிலேயே மதுரைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார், மதியம் இரண்டு மணி வரை முயன்றும் போன் அணைந்தே இருந்தது. மாலை ஐந்துக்குத்தான் வருவார். இன்ஸ்பெக்டர் மோட்டார் பைக்கை எடுத்தார். சீருடையை மாற்றிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால்.

அணைக்குக் கீழே ஒரு தென்னந்தோப்பில் மலையில் தேன் எடுக்கும் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண் கீற்று முடைந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சீருடை இல்லாவிட்டாலும் எங்கள் செருப்பையும் முடியையும் பார்த்தே யாரென்று தெரிந்துகொண்டார்.

“உங்க வீட்டு ஆளுக எங்கம்மா?”

“கல்யாணத்துக்குப் போயிருக்காக.”

“எங்க?”

“தேனிப் பக்கம்.”

“அமாவாசைக்கு மொத நாளு கல்யாணமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் அடுத்த ஓலையை எடுத்து மடித்தார்.

அந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் எடுத்த முடிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஆயுதக் குழுவோடு தொடர்பு இருந்தால், ஒரு வார்த்தை கசிந்தாலும் எங்கள் திட்டம் பாழ்; ஆட்கள் மலையில் சாவார்கள். சொல்லாவிட்டால், அவர் வாய் திறக்கப்போவதில்லை. யோசிக்க இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்ட நேரம், நான் பார்த்த வரையில், ஒரு ஓலை முடைகிற நேரம்தான். தரையில் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஏம்மா, மலைக்குத் துப்பாக்கி போகுது. வெளிச்சத்தைப் பாத்துச் சுடுவாக. இதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத. யாரு மேல இருக்கான்னு மட்டும் சொல்லு. தேனுக்குக் கேஸ் வராது. நான் பொறுப்பு.”

“போன வருசமும் இப்படித்தான் ஒருத்தரு சொன்னாரு” என்றார் அவர், தலை நிமிராமல். “பொறவு அருவாளையும் தேன் டின்னையும் பிடுங்கிட்டுப் போனாக.”

“அது நானில்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றீக.”

ஆனால் அவர் கை நின்றுவிட்டது. பிறகு முடைந்த கீற்றைத் தள்ளி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். கணவர். இரண்டு அண்ணன்மார். கொழுந்தன். பக்கத்து வீட்டில் மூவர். ஏழு பேர். அன்று விடிகாலையிலேயே ஏறிவிட்டார்கள். இன்றிரவும் நாளை இரவும் தேன் எடுத்துவிட்டுப் புதன் காலையில் இறங்குவார்கள். மேலே போன் எடுக்காது.

ஏழு பெயர்களையும் எழுதிக்கொண்டேன். எழுத்து சரியா என்று ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினேன். “இம்புட்டு நிதானமா எழுதுறீகளே ஏட்டையா, வெரசாப் போங்க” என்றார் அவர்.

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகச் சாலைக்கு வருகிற நேரம். பதினெட்டு நிமிடம் நின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் நுழைந்தபோது ஐந்து பத்து. முற்றத்தில் இரண்டு வேன்கள் நின்றன. ஆட்கள் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கமாண்டர் வந்துவிட்டிருந்தார்.

படியேறும்போது இன்ஸ்பெக்டர், “நான் பேசட்டா?” என்று கேட்டார்.

“வேண்டாம் சார். குண்டூசி குத்துனது நான்.”

கமாண்டர் வரைபடத்தின் முன்னால் நின்று இரண்டு குழுத் தலைவர்களுக்கும் கடைசியாக ஒரு முறை விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். “சார், மேப் தப்பு. தப்பு என்னோடது.”

“இடம் தப்பா?”

“இடம் சரி சார். ஆளு தப்பு.”

தேதிகளைச் சொன்னேன். நான் வெட்டி எறிந்த ‘ஊசலாடுச்சு’ என்ற சொல்லைச் சொன்னேன். பிளவக்கல்லில் கேட்டதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது, ஆனால் கோபம் என் மேல் அல்ல. “இன்ஸ்பெக்டர், ஆபரேஷனை ஒரு அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்தீங்களா?”

“துப்பாக்கி போகுதுன்னு சொன்னேன் சார். எடமும் நேரமும் சொல்லல. தப்புன்னா மெமோ எழுதிக் கொடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா இப்பவும் சொல்லத்தான் செய்வேன்.”

கமாண்டர் மறுபடி என்னிடம் திரும்பினார். “தேன் எடுக்கறவங்கன்னே வச்சுக்குவோம். அவங்களோட அந்தக் குழு ஆளுங்க கலந்து இருக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்க மாட்டேன் சார். எனக்குத் தெரியாது.”

“அவங்க மூலமாத்தான் மேலே அரிசி போகுதுன்னா?”

“அதுவும் தெரியாது சார்.”

“பின்னே உங்களுக்கு என்னதான் தெரியும்?”

“ஏழு பேரோட பேரு தெரியும் சார். அத எழுதிக் குடுக்கேன்.”

தாளைக் கொடுத்தேன். அவர் ஏழு பெயர்களையும் வாய் அசைய வாசித்தார். கீழே வேனின் கதவை யாரோ அடித்துச் சாத்தினார்கள். மணி ஐந்து முப்பத்தொன்று. ஒரு குழுத் தலைவர், “சார், வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்தைத் தாண்டணும்” என்றார்.

“வெளிச்சம் காட்டறவன் தேன்காரன்னா,” என்றார் கமாண்டர், யாரையும் பார்க்காமல், “வெளிச்சம் காட்டாதவன் எங்கே இருக்கான்?”

அந்த ஒரு கேள்வியில் அவர் எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டார். நானும் இன்ஸ்பெக்டரும் ஏழு உயிரைப் பற்றி மட்டும் யோசித்திருந்தோம். மூன்று மாதமாக நாங்கள் குத்திய குண்டூசிகளில் எதிரியைப் பற்றி ஒரு குண்டூசிகூட இல்லை என்பதை அவர்தான் கண்டார். வரைபடத்தை நெருங்கிப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

“யாரும் ஏற வேண்டாம். ரெண்டு குழுவும் அடிவாரத்துல நிக்கட்டும். புதன் காலையில அவங்க இறங்குற வழியில நான் நிக்கறேன். ஏட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்க. உங்க தப்பை எழுதுங்க. அதை நம்பி உத்தரவு போட்டது நான்னு அதையும் எழுதுங்க.”

பிறகு மேலிடத்துக்குப் போன் செய்தார். பக்கத்து அறையில்தான் பேசினார். “இல்லை சார், என் பொறுப்பு” என்ற வாக்கியம் மூன்று முறை கேட்டது. அந்த இரண்டு நாளில் ஆயுதக் குழு அந்தக் கணவாயைக் கடந்திருந்தால் அவருடைய பணிக்காலம் அங்கேயே முடிந்திருக்கும். துணிச்சல் என்றால் ஏறிச் சுடுவது என்று நான் படித்த புத்தகங்கள் சொல்லியிருந்தன. போட்ட உத்தரவை, கீழே வேன் நிற்கும்போது, தன் ஆட்கள் முன்னிலையில் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அதே துணிச்சல் வேண்டும் என்று அன்று பார்த்தேன்.

இளையவர்களே, உங்களிடம் இப்போது டிரோன் இருக்கிறது, எங்களிடம் இல்லாத படங்கள் இருக்கின்றன. ஆனால் படத்துக்குக் கீழே யாரோ ஒருவர் ஒரு வரி எழுதத்தான் போகிறார். அந்த வரியை எழுதுகிறவர் ஒழுங்குக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. மேலே இருப்பவர்கள் எவ்வளவு கூர்மையாக வாதாடினாலும், நாம் வெட்டி எறிந்ததை வைத்து அவர்களால் வாதாட முடியாது. கண்டதை எழுதுங்கள். கண்டவர் என்ன நினைத்தார் என்பதையும் கேட்டு, அது அவருடைய நினைப்பு என்று குறித்து, பக்கத்தில் எழுதுங்கள்.

புதன் காலை, ஆறு ஐம்பதுக்கு முதல் ஆள் இறங்கினார். தோளில் கொடிக்கயிறும் டின்னும். பின்னால் இன்னும் ஐந்து பேர். அந்தப் பெண் வழியோரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். நான் எண்ணினேன். ஆறு.

“ஒரு ஆளக் காணோமே” என்றேன்.

கமாண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் மேலே பார்த்து நீளமாக ஒரு குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில், வழியே இல்லாத ஒரு புதருக்குள்ளிருந்து அவருடைய மூத்த அண்ணன் வெளியே வந்தார்.

“காக்கியப் பாத்ததும் சுத்திப் போயிரலாம்னு பாத்தேன்” என்றார் அவர், எங்களிடம் மறைக்க எதுவும் இல்லாதவர் போல. கமாண்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். யார் டின்னையும் யாரும் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் நின்றது.

அந்த அண்ணன்தான் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். நான் கதை வேண்டாம் என்று தடுக்கவில்லை. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன்: “போன பௌர்ணமிய ஒட்டி நாலு பேரு கணவாயில போனாக. கையில வெளக்கு இல்ல. நெலா வெளிச்சத்துலயே நடந்தாக. எங்க ஆளு இல்ல. கடைசி ஆளு ஒரு காலச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்தான்.”

மற்ற ஆறு பேரையும் தனித்தனியாகக் கேட்டோம். யாரும் அப்படி எதையும் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு பௌர்ணமிகளிலும் கணவாயில் ஆள் வைத்தார் கமாண்டர், எவரும் வரவில்லை. அடுப்பு மூட்டிய தடமோ, காலடியோ கிடைக்கவில்லை. ஐப்பசியில் பிரிவையே கலைத்துவிட்டார்கள்.

ஏழு பேர் இறங்கியது உறுதி. ஒவ்வொருவராக நானே எண்ணினேன். அந்த நால்வர் யார், உண்மையிலேயே அப்படி நால்வர் நடந்தார்களா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.